திருப்பிக் கொடுக்கப் போனவர்

வெள்ளிக்கிழமை காலை, மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது வதனி அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். சிவபாதம் அண்ணையின் ஒரே மகள் அவள். நோயாளிக்குச் சொல்ல வேண்டிய மீதியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து அழுதேன். என் தொழில் அப்படி.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த அவருடைய கடையில் பாலும் பத்திரிகையும் ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டையும் வாங்கிய நீங்கள் எல்லோரும் செத்தவீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து, "அண்ணை ஒருத்தரிலையும் கோவம் வைக்காத மனுசன்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அது பச்சைப் பொய். அண்ணை கோபத்தோடு வாழ்ந்தார், கோபத்தோடு போனார். அதைப் பறித்துவிட்டு அவருக்கு மாலை போடாதீர்கள்.

அவருடைய மனைவி பவளம், லண்டன் விசாவுக்காக ஊரில் காத்திருந்தபோது விமானக் குண்டில் இறந்தவர். பிறகு பவளத்தின் தம்பி வதனியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். கூடவே அந்தக் குண்டின் துண்டு ஒன்றையும் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவு இரும்பு, அதில் மூன்று ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் அழியாமல் இருந்தன. வேறு யாரென்றால் அதைப் படத்தடியில் வைத்து விளக்கேற்றியிருப்பார்கள். அண்ணை அந்த எழுத்துகளுக்குப் பின்னால் போனார்.

ஆங்கிலக் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு வருடம் அலைந்த பிறகு, பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் அதைச் செய்த கம்பனியைச் சொன்னார். அதன் அலுவலகம் அண்ணையின் கடையிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. அவர்கள் பதில் போட்டார்கள்: அனுமதி பெற்று ஓர் அரசாங்கத்துக்கு விற்றோம், அதற்குப் பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை. புளித்த பாலை யார் கொண்டுவந்தாலும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கிறவர் அண்ணை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "வித்தவன்தான் பொறுப்பு" என்றார்.

ரெய்னர்ஸ் லேன் மண்டபக் கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் இயக்கத்துக்கும் கப்பலில் ஆயுதம் வந்திறங்கியது என்று ஒருவர் பேச, கை தட்டினோம். அண்ணை எழும்பினார். "ஆரிட்டை வாங்கினது? அரசாங்கம் வாங்கிற அதே சந்தையிலைதானே? விடுதலைக்கு ஒரு கடை, அடக்கிறதுக்கு ஒரு கடை எண்டு இல்லை. நான் கடைக்காரன், எனக்குத் தெரியும். எங்களுக்கும் விடுதலை வேணும். ஆனா அது எப்ப வரும் எண்டதை ஆயுதம் விக்கிறவன்ரை பட்டறையெல்லோ முடிவு செய்யுது." உட்காரச் சொல்லிக் கத்தினீர்கள். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தவன் நான்.

போன வருடம் அந்தக் கம்பனியில் ஒரேயொரு பங்கு வாங்கினார். பங்குக்காரர் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். முறை வந்ததும் நேரே முன்னால் போய்த் தலைவரின் மேசையில் துண்டை வைத்தார். "இது உங்கடை சாமான். என்ரை மனுசியைச் சாகடிச்சது. திருப்பிக் குடுக்க வந்தனான்" என்றார்.

திருப்பிக் கொடுப்பது என்றால் நமக்கு இரண்டும்தான். வாங்கியதைக் கொடுப்பதும், அடித்தவனுக்கு அடிப்பதும். கதவடியில் நின்ற காவலாளிகளைப் பார்த்தேன். "இவருடைய மனைவி போரில் இறந்தார். இதை உங்களிடம் தர விரும்புகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தலைவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். மண்டபமே கை தட்டியது.

"அவன் ஏன் நன்றி சொல்லுறான்? நீர் என்ன சொன்னனீர்?" என்று அண்ணை கேட்டார். பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். மிச்சம் வரும்வரை அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

இரண்டு கிழமையில் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே துண்டும், கூட்டத்தில் நீங்கள் விட்டுச்சென்ற பொருள் என்று மரியாதையாக ஒரு குறிப்பும் இருந்தன. அதை வாசித்துக் காட்டியபோது அண்ணை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "பாத்தீரே, அவங்கள் திருப்பிக் குடுத்திட்டாங்கள். இனி எங்கடை முறை."

அந்த முறை வருவதற்குள் இருதயம் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. விமானங்கள் பறக்கின்றன. பட்டறைக்கு நல்ல காலம்தான். அது நாசமாய்ப் போகட்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் வதனி ஒரு பையைத் தந்தாள். உள்ளே அந்தத் துண்டும் பங்குப் பத்திரமும் இருந்தன. சாவதற்கு முன்பே பங்கை என் பெயருக்கு மாற்றிவிட்டிருக்கிறார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. மன்னித்திருந்தால் இதை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடக் கூட்டத்துக்கான அழைப்பு நேற்று என் பெயருக்கு வந்தது. தலைவர் அதே ஆள்தான். துண்டு என் கோட்டுப் பையில் இருக்கிறது. சொல்ல வேண்டிய வசனமும் தெரியும், அண்ணை சொன்ன அதே வசனம். இந்த முறை மொழிபெயர்க்க மாட்டேன்.