பிரேக் வாத்தியார் ஆயில் மாற்றியது

இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதியை ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என் தம்பி. பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். என் வாய் அப்படி. டாக்ஸிகளையும் லாரிகளையும் தள்ளிவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழக்கிய பிள்ளைகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், தெருவுக்கு ஒருவராவது அவனிடம் படித்தவர் தேறுவார். அதில் பொய் இல்லை.

எல்லோரும் அவனைப் பிரேக் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இவன் பக்கத்து இருக்கையில் இருப்பான். இவன் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், தனியாக ஒரு பிரேக். இப்படியே பல வருடம் உட்கார்ந்ததில் அவனுடைய வலது கால் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாராவது தண்ணீர் ஜாடியை வேகமாக நகர்த்தினால் மேசைக்கு அடியில் அந்தக் கால் தரையை மிதிக்கும். அவனோடு சினிமாவுக்குப் போகிறவர்கள் முன் இருக்கைக்காரரிடம் ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

பள்ளி என்று பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகளின் படம். வாசலில் ஒரே ஒரு கார். வெள்ளை நிறம், சின்ன உருவம், தலையில் மஞ்சள் பலகை. இன்னொரு கார் வாங்கும் நிலையில் அவன் இல்லை. அந்த எஞ்சின் போனால் பள்ளியும் போயிற்று. அவனும் அவன் மனைவியும் வீட்டோடு இருக்கும் வயதான மாமனாரைப் போல அந்தக் காரைப் பார்த்துக்கொண்டார்கள்: எதிர்த்துப் பேசுவதில்லை, கொடுக்க வேண்டியதை நேரத்துக்குக் கொடுத்துவிடுவது.

ஆயில் மாற்றுவது கார் வாங்கிய இடத்துச் சர்வீஸ் சென்டரில். அந்த இடம் தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும். குளிரூட்டிய கண்ணாடி அறை, மெத்தை நாற்காலி, பொத்தானை அழுத்தினால் காபி. மற்ற நாளெல்லாம் "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்திக்கொண்டிருக்கிறவனை அங்கே "சார்" என்று அழைத்து, வண்டியைத் துடைத்து, சாவியை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிக்கு அடியில் யார் என்ன செய்கிறார் என்று அவன் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒருமுறை அப்படி ஆயில் மாற்றிக்கொண்டு வந்த மறுநாள், பல் டாக்டர் ஒருவருக்கு வகுப்பு. நடு வயதில் கார் பழக வந்தவர். கியர் போடும்போதெல்லாம், "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்று காருக்கு ஆறுதல் சொல்வார். ஓட்டும் தேர்வில் ஏற்கெனவே சில தடவை தோற்றிருந்தார். அன்று மேட்டில் ஏறும்போது காருக்குள்ளிருந்து ஓர் ஊளைச் சத்தம் கிளம்பியது.

"சார், இந்தச் சத்தம் நான் போடறதா?"

"இல்லைங்க டாக்டரம்மா. நீங்க போடற சத்தம் வேற மாதிரி இருக்கும்."

பின்னால் பார்த்தால் நீலப் புகை. ஓரமாக நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். ஆயில் மேல் கோட்டையும் தாண்டிக் கம்பியில் பாதிவரை நனைந்திருந்தது. இழுவை வண்டி வைத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரும் கூடவே போனார். அவருக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

டை கட்டிய மேலாளர் புன்னகை மாறாமல், "பழகறவங்க ஓட்டற வண்டி சார், சத்தம் வரத்தான் செய்யும்" என்றார். பிறகு காரைத் தூக்கி, கியர்பாக்ஸின் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. எஞ்சின் ஆயிலை எடுக்கிறோம் என்று கியர் ஆயிலை வடித்துவிட்டு, பழைய ஆயில் அப்படியே நிறைந்திருந்த எஞ்சினில் புது ஆயிலையும் ஊற்றி அனுப்பியிருந்தார்கள்.

மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கியர் ஆயில் சுத்தமா இறங்கியிருக்கு சார். வேலை நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

"எடுக்கச் சொன்னதை விட்டுட்டு எடுக்கக் கூடாததை எடுத்திருக்கீங்களேய்யா!"

டாக்டர் தன் பங்குக்கு, "எங்க தொழில்ல இப்படி ஆனா, பல்லைத் திரும்ப ஊத்தி வைக்க முடியாது" என்றார்.

இரண்டையும் சரிசெய்து, கூடவே சாவி மாட்டும் கீ-செயின் ஒன்றையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் பிழைத்துக்கொண்டது. ஆனால் தம்பி அன்றைக்கே சபதம் போட்டுவிட்டான்: இனிமேல் என் காருக்கு அடியில் என்னைத் தவிர யாரும் படுக்கக் கூடாது.

அவன் மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். "வடிக்கிற வேலைன்னா என்கிட்ட விடுங்க. நரம்பு மாறிக் குத்தினதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை" என்றாள். இவன் விடவில்லை. ஆயில் டப்பாக்கள், ஆயிலில் அழுக்கை வடிகட்டும் புது ஃபில்டர், அதைக் கழற்றும் பிடி, வடிக்கத் தட்டு, முன் சக்கரங்களை ஏற்ற இரண்டு இரும்புச் சாய்வுகள் என்று எல்லாம் வந்து இறங்கின. செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டான்.

அடுத்த முறை ஆயில் மாற்ற வேண்டிய சமயம் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் அறுவைச் சிகிச்சை தொடங்கியது. நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காருக்கு வெளியே அவன் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தெருவில் எவனோ சட்டென்று பிரேக் போட, இங்கே வலது கால் உதைத்து அவன் மனைவி கையிலிருந்த டார்ச்சைத் தட்டிவிட்டது.

"காலைக் கட்டிப் போடணும் அண்ணி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் டார்ச்சைப் பொறுக்கிக்கொண்டாள்.

போல்ட் விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் போல்ட்டின் தலையில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தான். பிறகு எஞ்சின் போல்ட்டைத் தொட்டு, "இதுதானே?" என்றான். "அதுதான்." "நல்லாப் பார்த்துச் சொல்லு." "அதுதாங்க." "அக்கா, நீயும் குனிஞ்சு பாரு." நான் குனிகிற வயதில் இல்லை, நாற்காலியில் இருந்தபடியே, "அதேதான்டா" என்றேன்.

பழைய ஆயில் கறுப்பாக வடிந்தது. பழைய ஃபில்டர் முரண்டு பிடித்துக் கழன்று வந்தது. சூடான ஆயில் அவன் முழங்கை வழியாக அக்குள்வரை போயிற்று. அந்த அவஸ்தையில் ஃபில்டரைப் பாராமலே தட்டில் போட்டான். புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினான். புது ஆயிலை ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் செய்த தப்பு தன் கையால் நடக்கவில்லை என்பதில் அவனுக்கு அப்படி ஒரு திருப்தி.

"அக்கா, அவனுங்களைக் கடையைச் சாத்தச் சொல்லு" என்று எழுந்தான். காதுவரை கறுப்பு.

மறுநாள் காலை பல் டாக்டருக்கு மறுபடியும் தேர்வு. தேர்வு மைதானத்துக்கு டாக்டரே ஓட்டினார். பாலத்து மேட்டில் அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சின் உறுமியது. மேட்டைத் தாண்டுகிற நேரத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, சில நிமிடங்களில் இறுகிப் போய்விடும். பிரேக் வாத்தியார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கார் உருண்டே ஓரம் சேர்ந்தது. இறங்கிப் பார்த்தால், பாலத்தின் உச்சியிலிருந்து கார்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு.

வீட்டுக்குப் போன் போட்டான். "போல்ட் கழண்டிருக்குமோ?"

"போல்ட்டை நீங்க எத்தனை தடவை இறுக்கினீங்கன்னு தெருவே பார்த்துச்சு. இருங்க." அவள் வாசலுக்குப் போய்த் தட்டில் கிடந்த பழைய ஃபில்டரை எடுத்துப் பார்த்திருக்கிறாள். "என்னங்க, இதுல ரப்பர் வளையத்தைக் காணோமே?"

"அதுலதான் இருக்கும். நல்லாப் பாரு."

"விரலை விட்டே பார்த்துட்டேன். வெறும் பள்ளம்தான் இருக்கு."

அப்போதுதான் தம்பிக்குப் புரிந்தது. பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே இவன் புது வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறான். வாசலில் சும்மா ஓடும்போது தாங்கிய இரட்டை வளையம், மேட்டில் எஞ்சின் முக்கியதும் பிதுங்கி, ஆயிலைக் கொட்டிவிட்டது.

அவள் மிச்சம் இருந்த ஆயில் டப்பாக்களையும் கருவிகளையும் சாய்வுகளையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பால ஓரத்தில், தேர்வுக்கென்று தேய்த்துப் போட்ட சட்டையோடு தம்பி மறுபடி காருக்கு அடியில் போனான். எஞ்சின் சூடு ஆறவில்லை. பழைய வளையத்தை நகத்தால் சுரண்டி எடுத்து மனைவி கையில் கொடுத்தான். அவள் அதைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், தொழில் பழக்கம். ஃபில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் ஊளையில்லாமல், தட்டல் இல்லாமல் கிளம்பியது. தம்பி மட்கார்டின் மேல் கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றான்.

தேர்வில் டாக்டர் கடைசி ஆளாகப் போய்த் தேறிவிட்டார். அதிகாரி காரைவிட இவர்களை உற்றுப் பார்த்தாராம். மூன்று பேருடைய உடம்பிலும் ஆயில்.

இன்றும் தம்பி தானேதான் ஆயில் மாற்றுகிறான். கழற்றிய ஃபில்டரை முதலில் மனைவியிடம் காட்ட வேண்டும். அவள் வளையத்தைத் தடவிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் புதியது ஏறும்.

இதை எழுதி முடித்து, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்தேன். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். இப்போது சொந்தக் கார் வைத்திருக்கும் பல் டாக்டரும் வந்திருந்தார். அவர்தான் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி அக்கா. ஆனா சாவியைத் திருப்பினது சார் இல்லை, நான். விளக்கு எரிஞ்சதும் சார், 'போங்க, போங்க, வெறும் பல்பு, தேர்வுக்கு நேரமாச்சு'ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். சிவப்பு எரிஞ்சா அணைக்கணும்னு முதல் நாள் சொல்லிக்கொடுத்தாரே, எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருந்துச்சு."

எல்லோரும் தம்பியைப் பார்த்தோம்.

"பல்புன்னு நான் சொல்லலை" என்றான். "சென்சார் கோளாறுன்னு சொன்னேன்."