தென்னேரிக்கு மூன்று, நமக்கு ஒன்று

பெருநகர் என்ற எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் போகும் காலை பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் பெண்களுக்கு மூன்று வரிசை. மூன்றாவதில் நான் உட்காருவேன். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, ஏரி மராமத்து அலுவலகத்தில் தற்காலிக டிரேசராக இருந்தேன். கரை, மதகு, கலங்கல் என்று வரைபடங்களை டிரேசிங் துணியில் மையால் படியெடுக்கும் வேலை. ஐப்பசி வரை தாக்குப்பிடித்தால் நிரந்தரமாகும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் மூன்று பேர் ஏறுவார்கள். ஒருவர் சைக்கிள் கடைக்காரர், ஒருவர் ரைஸ் மில் மெக்கானிக், ஒருவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எனக்கு நேர் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டில் கண்டக்டர் தன் துண்டைப் போட்டு அவர்களுக்காகப் பிடித்து வைத்திருப்பார். மூவருக்கும் ஒரே சீட்டு. யாருக்கு என்பதைக் கால்பந்து முடிவு செய்யும்.

கோடையில் ஏரி வற்றியதும் சுற்றுவட்டாரத்து ஊர் டீம்கள் ஞாயிறுதோறும் ஏரிக்குள்ளேயே மோதுவார்கள். சவுக்குக் கம்பு நட்டால் கோல் போஸ்ட். தண்ணீர் வருவதற்குள் லீக் முடிந்தாக வேண்டும். சனிக்கிழமை பஸ்ஸில் மூவரும் ஆளுக்கொரு ஸ்கோர் சொல்வார்கள். யார் சொன்னது நெருங்கி வருகிறதோ அவருக்கு வாரம் முழுக்க ஜன்னல். மற்றவர்கள் நின்றுகொண்டே வர வேண்டும். திங்கட்கிழமை சண்டை.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னு நான்தானே சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன? ரெண்டுக்கு ரெண்டுன்ன. மேட்ச் முடிஞ்சப்புறம் எல்லாரும் ஜோசியக்காரன்தான்."

"கண்டக்டரக் கேளு நைனா."

"என்னை இய்க்காதீங்க. எனக்கு டிக்கெட் கணக்கே நிக்க மாட்டேங்குது."

ஒரு சனிக்கிழமை சைக்கிள் கடைக்காரர் என் சீட்டுக் கம்பியைத் தட்டினார். "தங்கச்சி, பேனா கீதா? நாங்க சொல்றத எழுதி வெச்சிக்கோ. இவனுங்களோட ஒரே பேஜாரா கீது."

என் அளவு நோட்டில் எழுதினேன். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினேன்.

ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊர் டீமின் கோல்கீப்பர் பங்குனியில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று பேச்சு.

எங்கள் வீட்டில் அவர் இருந்த நேரத்தில் எனக்குத் தெரிய வந்தவை: உயரம், மீசை, காபிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை. மீதி எல்லாம் பஸ்ஸில் தெரிந்தது. உயரமாக வரும் பந்தை விடமாட்டார். கோல் விழுந்தால் யாரையும் திட்டமாட்டார், போய்க் கம்பத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வருவார். மாசியில் மூட்டை தூக்கும்போது வலது தோள் பிசகிவிட்டது. அந்தப் பக்கம் பந்து வந்தால் பாய்ந்து விழுவதில்லை. இதை அவர் தன் வீட்டில் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரின் தோளைப் பற்றி அவர் அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

ஆனி மாதம் கடைசி மேட்ச், தென்னேரி ஊர் டீமோடு. மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் டீமுக்கு ஆள் எடுப்பவர் பார்க்க வருகிறார் என்று அந்தச் சனிக்கிழமைதான் பஸ்ஸில் கேட்டேன். கீப்பரைப் பிடித்துவிட்டால் கம்பெனியிலேயே வேலை.

வீட்டில் பேசியிருந்த பேச்சு எனக்கு மனப்பாடம். வேலை கிடைத்தால் ஆவணியில் கல்யாணம், பெண் வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போக வேண்டும். கிடைக்காவிட்டால் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆவணி ஐப்பசிக்கு முன்னால் வருகிறது, தை பின்னால் வருகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு மாதம். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

"நமக்கு ரெண்டு, அவனுங்களுக்கு ஒண்ணு" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்றார் மெக்கானிக். "தென்னேரிக்காரன் சும்மா வுட மாட்டான்."

எடை போடுகிறவர் யோசித்தார். "நமக்கு ஒண்ணு, அவனுக்கு முட்டை."

"ரேஷன்ல போடற மாதிரியே போடறான் பாரு, எப்பவும் கொறச்சல்."

எழுதி முடித்தேன். "நீயும் ஒண்ணு எழுதும்மா, எத்தினி நாளு சும்மாவே எழுதிக்கினு வர" என்றார் கண்டக்டர். எழுதினேன். மெக்கானிக் எட்டிப் பார்த்துப் படித்தார். "தென்னேரிக்கு மூணு, நமக்கு ஒண்ணாம். நல்ல வாய்மா உனுக்கு."

திங்கட்கிழமை மூவரும் சத்தமில்லாமல் ஏறினார்கள். "எழுதினபடியே ஆயிப்போச்சு தங்கச்சி" என்றார் சைக்கிள் கடைக்காரர். "இந்த வாரம் ஜன்னல் உனுக்குத்தான்." அவர்களுக்குப் பின்னாலேயே கீப்பரும் ஏறினார். வலது கையைத் துண்டால் மார்போடு கட்டியிருந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது.

"அந்த சீட்ட இவருக்குக் குடுங்க" என்றேன்.

அவர் என் பின்னால் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

"மூணாவது பந்துக்கு நீ ஏன்யா சோத்தாங்கை பக்கம் வுழுந்த?" என்று கேட்டார் மெக்கானிக். "வுட்டிருந்தா தோளாவது மிஞ்சி இருக்கும்."

"மெட்ராஸ்காரரு பாத்துக்கினு இருந்தாரு" என்றார் அவர்.

"பாத்தாரு, எழுந்து பூட்டாரு. இந்தப் பொண்ணு சனிக்கெழமையே எழுதி வெச்சிது, நீ மூணு வாங்குவன்னு. காட்டும்மா அந்த நோட்ட."

நான் காட்டவில்லை. திரும்பவும் இல்லை. ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சரியாத்தான் எழுதிகீறாங்க" என்றார்.

"உனுக்குத் தெரிஞ்சவங்களா?"

"பெருநகர்ல ஒரு தபா பாத்துகீறேன்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிப் போனார். வீட்டில் போய்ச் சொல்வார், பேச்சு முறியும் என்று நினைத்தேன். அது வெளியேற ஒரு கதவாகக்கூடத் தோன்றியது. இரண்டு நாள் எந்தக் கோட்டையும் நேராகப் போட முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் அம்மா பூவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கம்பெனி வேலை தவறிப்போச்சு. கையி வேற சேர மாசக்கணக்காகுமாம்" என்றார். "அதனாலதான் தை வரிக்கும் தள்ள வாணாம்னு பாக்கறோம். பொண்ணுக்குத்தான் வேலை கீதே. பஸ்ஸும் எங்க ஊரு வழியாத்தானே போவுது?"

அப்பா என்னைப் பார்த்தார். வேலையை விட வேண்டாம் என்பதைத்தானே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்க ஒரு காரணம்கூட என் கையில் இல்லை. மாப்பிள்ளை தன் வீட்டில் நோட்டைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் வேலை நிரந்தரமானது.

இப்போது நானும் அதே பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுகிறேன். "அண்ணி, உக்காருங்க" என்று மூவரும் வழி விடுகிறார்கள். இந்தக் கோடையிலும் ஏரி வற்றி லீக் தொடங்கிவிட்டது. பின்னால் நின்றுகொண்டு நெல்லைப் பற்றிப் பேசுகிறார்கள், வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். யாரும் என்னை எழுதச் சொல்வதில்லை. நான் இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பஸ்ஸுக்குள் ஸ்கோர் சண்டை கிளம்புவது கேட்கிறது.

அவர் ஏரிப் பக்கம் போவதில்லை. தோள் பாதிதான் மேலே வருகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீடு வந்து பையை ஆணியில் மாட்டுவதற்குள் கேட்டுவிடுவார்.

"பஸ்ல இன்னா பேசிக்கினாங்க?"

"வெயில் ஜாஸ்தியா கீதுன்னாங்க" என்பேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."