சாமுவேல் ஒரே டிஸ்க்கில் அடக்கியது

சாமுவேல் இறந்த செய்தியை எதிர்வீட்டு மேரிதான் வந்து சொன்னாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "ஆயா, வீடியோ கடை சாமுவேல் அண்ணன் போய்ட்டாராம். நெஞ்சு வலின்னு வேலூருக்குக் கொண்டுபோனாங்களாம். பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றாள். களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து உலை வைத்தேன். அழுகை வரவில்லை. அத்தனை வருஷம் என்னை அக்கா என்று கூப்பிட்ட மனிதருக்கு ஒரு சொட்டு கண்ணீர் வராதது எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு, சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி போதகர் கேட்டார். "உங்க குடும்பத்துக்குத்தான் அவர் ரொம்ப வேண்டியவர். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்றார். நல்லது இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன். அதோடு நிறுத்திக்கொண்டால் பொய்யாகிவிடும். ஆகவே மற்றதையும் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

ஆம்பூரில் நம் தெருக்களில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் சாமுவேல் பிடித்த வீடியோதான். தோளில் அந்தப் பெரிய கேமராவை ஏற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஆனால் வாய் ஓயாமல் இருப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும், "லைட்டு விழல மாப்ள, இன்னொரு வாட்டி கட்டு" என்று சொல்லிவிட்டார். பீடத்தில் நின்ற போதகர் முறைத்தார். "சரிங்க ஐயா, கர்த்தர் பாத்துட்டாரு, அது போதும்" என்று சாமுவேல் ஒதுங்கிக்கொண்டார். ஆலயமே சிரித்தது. வரவேற்பு மேடையில் பரிசு கொடுக்க வருகிறவர்கள் வரிசையை மட்டும் அவர் ஒரு நாளும் சுருக்கமாட்டார். "ஒருத்தர் மூஞ்சி விட்டுப்போனா போதும்க்கா, ரெண்டு குடும்பம் பேசிக்காது. நான் படம் புடிக்கல, சண்டைய நிறுத்திட்டு இருக்கேன்" என்பார்.

என் கடைசிப் பெண் கிருபாவுக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தையில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். நாள் முழுவதும் தோலைத் தடவிப் பார்த்து வெட்டுகிற கை. அந்தக் கையாலேயே பெண்ணோடு பேசக் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுத்த பாஷை இல்லை, அவர்கள் இருவரும் உண்டாக்கிக்கொண்டது. நல்ல தோலா என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார்கள் அல்லவா, அதுதான் அவர்களுக்கு 'நல்ல பிள்ளை'. கோணலாகக் கத்தி போவதுபோல் காட்டினால் 'பொய் சொல்றான்'. எனக்கும் அந்தப் பேச்சு தெரியும். ஆனால் அவர் வேகம் எனக்கு வராது.

சாமுவேலும் அதைக் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தால் கிருபாவிடம் கையிலேயே வம்புக்குப் போவார். அவர் தப்பும் தவறுமாகக் காட்டுவதைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "இன்னாக்கா சிரிக்குது?" என்று என்னைக் கேட்பார். "உன் மாமியார நல்ல தோலுன்னு சொல்லிட்டியாம்" என்பேன். எங்கள் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் வாயைப் பெரிதாகத் திறந்து கத்துவார்களே தவிர, ஒரு விரலை அசைத்ததில்லை. அதனால்தான் அவரை நான் வெளி ஆளாக நினைக்கவில்லை.

கிருபாவின் கல்யாணம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. வரவேற்பில் பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேசுவது நம் வழக்கம். மைக்கை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெண்ணுக்கு எதிரே நின்று கையால் பேசினார். ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. "மைக் வேலை செய்யலயா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். கூட்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சாமுவேல் மட்டும் மேடை ஓரத்தில் முட்டி போட்டு, கேமராவை அவர் கைகளுக்குத் திருப்பினார். முடிகிற வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை. "கையத்தான்க்கா புடிச்சேன். மாமா பேசினது அங்கதானே?" என்று பிறகு சொன்னார். அன்றைக்கு அந்த ஊரிலேயே புத்தியுள்ள ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கேசட்தான் கிருபாவுக்கு எல்லாம். எங்களுக்கு அவர் குரல் காதில் நிற்கிறது. அவளுக்கு அப்பாவின் குரல் அந்தக் கை. வாழ்க்கைப்பட்ட குடியாத்தத்திலிருந்து வரும்போதெல்லாம் அந்த இடத்தை ஓட்டச் சொல்லி, டி.வி. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். தன் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தா சொல்வதைத் தன் கையால் திருப்பிச் சொல்வாள்.

பிறகு கேசட் போடும் டெக் பழுதானது. ரிப்பேர் செய்ய ஆள் இல்லை. ஊரெல்லாம் டிஸ்க் பிளேயர் வந்துவிட்டது. சாமுவேல் கடையில் பெரிய போர்டு வைத்திருந்தார்: எத்தனை கேசட் ஆனாலும் ஒரே டிஸ்க்கில். எதிரில் புதிதாக ஒரு கடை வந்திருந்ததால் வைத்த போர்டு அது. ஆலயத்தில் நடந்தது ஒரு கேசட், வரவேற்பு ஒரு கேசட். இரண்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரெண்டு டிஸ்க் ஆனாலும் பரவால்ல தம்பி. மாமா கை தெரியணும். வேற எதுவும் எனக்கு முக்கியமில்ல" என்றேன். "எனக்குத் தெரியாதாக்கா? கவலப்படாம போங்க" என்றார்.

ஒரே டிஸ்க்தான் வந்தது. கேசட் இரண்டும் கடையிலேயே இருந்துவிட்டன. கிருபா வந்திருந்த நாளில் போட்டோம். பரிசு கொடுக்கிற வரிசை பளிச்சென்று இருந்தது. பெரியப்பா, சித்தி, கம்பெனி ஆட்கள் என்று போட்டோவுக்கு நிற்பதுபோல் அசையாமல் நின்ற அத்தனை பேர் முகமும் தெரிந்தது. பாட்டு சுத்தமாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். தூக்கியதும் கை உடைந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. விரல் எது, சட்டை எது என்று தெரியவில்லை. கையைக் கீழே போட்டபோது மறுபடி கையாக ஆனது. கிருபா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். எழுந்துபோய் டி.வி.யைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

சாமுவேலிடம் ஓடினேன். "கேசட்டுலயே பூசணம்க்கா. பீரோவுல ஈரத்துல வச்சிருக்கீங்க. நான் இன்னா பண்ணட்டும்? வந்த வரைக்கும் எடுத்துக் குடுத்தேன்" என்றார். நம்பினேன். மழையில் ஒழுகிய சுவரோரம் அந்தப் பீரோவை வைத்தது நான்தானே என்று ஒரு வருஷத்துக்கு மேல் மனதுக்குள் அழுதுகொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்ததையும் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மூத்த மகனுடைய பெண் ஜெனிபர் வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவள். எங்கள் வம்சத்தில் அவ்வளவு படித்த முதல் பிள்ளை. நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன். லீவுக்கு வந்தவளிடம் டிஸ்க்கைக் காட்டினேன். பார்த்ததுமே, "இது பூசணம் இல்ல ஆயா" என்றாள். "பூசணம்னா கோடு கோடா ஓடும், பனி கொட்டற மாதிரி இருக்கும். கேசட்டுல கட்டமே வராது. கட்டம் வந்தா அது டிஸ்க்குல போடும்போது வந்ததுதான்."

"எதுக்கு வருது?"

"டிஸ்க்குல இடம் இவ்ளோதான். ரெண்டு மணி நேரம் வச்சா நல்லா இருக்கும். இதுல அஞ்சு மணி நேரத்துக்கு மேல திணிச்சிருக்காங்க. இடம் கம்மியா இருந்தா, அசையாம இருக்கறத அப்படியே வச்சுக்கும், மாறினத மட்டும் புதுசா எழுதும். நிக்கறவங்க மூஞ்சி மாறாது, அதனால தெளிவா இருக்கு. தாத்தா கை வேகமா போவுது இல்ல? எல்லாமே மாறுது. அத எழுத இடம் பத்தல. ரெண்டு டிஸ்க்ல, வேணும்னா மூணுல போட்டிருந்தா விரல் விரலா தெரிஞ்சிருக்கும்."

நான் கேட்டதும் அதுதானே. ஆனாலும் எனக்கு உடனே கோபம் வரவில்லை. கேசட் இருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கிருபாவையும் ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, அந்த ரெண்டு கேசட்டையும் குடு" என்றேன்.

"அது எங்கக்கா இருக்குது இப்போ? கடை மாத்தும்போது மூட்டையா கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன். எல்லார்துந்தான்."

"பூசணம்னு சொன்னியே."

ஜெனிபர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். சாமுவேல் அவள் பக்கம் திரும்பினார். "பாப்பா, கடைன்னு வச்சா நூறு பேஜார். ஒரே டிஸ்க்குன்னு போர்டு போட்டுட்டேன், அதுக்குத் தக்கன மிஷின செட் பண்ணி வச்சிருந்தேன். எல்லார்க்கும் அப்படித்தான் போட்டேன். யாரும் வந்து கேக்கல. உங்களுக்கு மட்டும்தான்..." என்று நிறுத்தினார்.

கிருபா அவர் சட்டையைத் தொட்டுத் திருப்பி, என்ன என்று கையால் கேட்டாள். அவளோடு கையில் பேசத் தெரிந்த மனிதர். என் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கற்றவர். அன்றைக்கு இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, வாயால், "மன்னிச்சுக்கோ பாப்பா" என்றார். அவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில், அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவர் அவர்.

கேசட் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாளைக்கு என் பீரோவும் எரியலாம், வெள்ளம் வரலாம். தெரிந்தே ஒருத்தர் நம்மை முட்டாளாக்கி, அந்தப் பழியையும் நம் தலையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் பாட்டுப் பாடுவதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வந்து அந்த ஒரு வார்த்தையை அவள் முன்னால் நின்று கையால் சொல்லுவார் என்று வெகுகாலம் பார்த்தேன். எந்நாளும் நேரம் இருக்கிறது என்று அவரும் நினைத்திருக்கலாம்.

அடக்கத்துக்குக் கிருபா பஸ் பிடித்து வந்தாள். பெட்டி பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அவருடைய கை இரண்டையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவளும் அழுதாள். நான் அழவில்லை.

மேடையில் எல்லாரும் முகத்தைப் பார்த்தபோது கையைப் பார்த்த அந்தக் கண் சாமுவேலுடையதுதான். அதை அவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. மன்னிப்பு என்னிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்கவேண்டியவள் நானில்லை.

இப்போது கிருபாவின் பிள்ளைகள் வந்தால், அவள் கல்யாணத்தன்று தாத்தா சொன்னதை நான் செய்து காட்டுகிறேன். புரியாததற்குத் தலையாட்டாதே, புரியவில்லை என்று சொல். உனக்குக் கதவு தட்டுவது கேட்காது, புகுந்த வீட்டாரை விளக்கைப் போட்டு அணைக்கச் சொல். நீ நல்ல பிள்ளை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கிருபா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். கட்டைவிரலைத் திருப்பி வைத்து, அப்பா இப்படி இல்லை, இன்னும் அழுத்துவார் என்கிறாள். நான் அழுத்துகிறேன். இன்னும் என்கிறாள்.