மாற்று டிரைவர்

போன வாரம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் வடசென்னை டோல்கேட் பக்கம், பாஷாவின் மாடியறையில் இருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு வாசனை இருக்கும்.

பாஷா எங்கள் தோஸ்து. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதால் அன்று அந்த அறை எங்களுடையது. ஸ்டார்ட்அப் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. 'சொந்தமா எதுனா பண்ணணும்' என்போம், அவ்வளவுதான். ஒருவன் மீன் ஏலத்தை இணையத்தில் நடத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ராயபுரத்துக்கென்று ஒரு வலைத்தளம் செய்திருந்தேன். என் மாமாவைத் தவிர யாரும் அதைப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஸ்டெல்லா அதிகம் பேசமாட்டாள். சர்ச்சில் பூசை முடிந்து நேராக வருவாள். அவள் அப்பா அந்தோணி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த லாரிகளின் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? துறைமுகத்துக்குள் போக சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். நகரும் நேரத்தில் டிரைவர் இல்லாவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அதனால் சோறு, தூக்கம் எல்லாம் வண்டியிலேயே.

ஸ்டெல்லாவின் தம்பி காய்ச்சலில் இறந்தபோது அந்தோணி அந்த வரிசையில் இருந்தார். செய்தி வந்தும், வண்டியை ஒப்படைக்க ஆள் கிடைக்கவில்லை. அவர் கல்லறைக்கு வந்து சேர்ந்தபோது மண் போட்டு மூடியிருந்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு ஸ்டெல்லா பேசினாள்.

"வண்டி இல்லாம சும்மா கீற டிரைவருங்க நம்ம ஏரியாவுல எத்தினி பேரு. அவங்களக் கூப்புட ஒரு நம்பர் இருந்தா போதும்."

வீட்டுக்குப் போக வேண்டிய டிரைவர் அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பாஷா ஒரு பழைய செல்போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். ஸ்டெல்லா எழுதிய புரோகிராம், பக்கத்தில் சும்மா இருக்கும் டிரைவருக்குச் செய்தியைத் தள்ளிவிடும். நான் டீக்கடைகளில் நோட்டீஸ் ஒட்டினேன். என் வலைத்தளத்தைவிட அதை அதிகம் பேர் படித்தார்கள்.

கொஞ்ச நாள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் செல்போன் அதிர்ந்தது. திருவொற்றியூரில் நிற்கும் ஒரு டிரைவரின் மனைவிக்குப் பிரசவ வலி. செய்தி போனது அந்தோணிக்கு. அன்று அவருக்கு வண்டி இல்லை. மகளிடம் தன் பெயரையும் கொடுத்து வைத்திருந்தார். அவரை பைக்கில் நான்தான் கூட்டிப்போனேன். அந்த டிரைவர் சாவியைக் கொடுக்கத் தயங்கினார்.

"ஓனருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும் நைனா."

"வண்டிய நா பாத்துக்கறேன். நீ போயி புள்ள மூஞ்சியப் பாரு."

அந்தோணி ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் நின்ற கண்டெய்னரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்திகள் வரத் தொடங்கின. கலியாணத்துக்கு, காரியத்துக்கு, சும்மா பிள்ளைகளோடு ஒருவேளை சாப்பிட என்று பலர் வீட்டுக்குப் போய் வந்தார்கள். முதலீடு செய்யத் தயார் என்று தென்சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ஆபீசை ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"லாரி இங்க நிக்குது சார்," என்றாள் ஸ்டெல்லா.

அவர் சிரித்துவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

கடைசியில் நிறுத்தியது வண்டி முதலாளிகள். முன்பின் தெரியாதவன் கையில் வண்டியா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஒரு டிரைவருக்கு வேலை போனதும் மற்றவர்கள் பயந்துவிட்டார்கள். செய்திகள் நின்றன. பாஷா கேபிளைக் கழற்றப் போனான்.

"வுடு பாஷா. அது பாட்டுக்கு இர்க்கட்டும்," என்றாள் ஸ்டெல்லா.

பிறகு அவள் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பாஷா துபாய்க்குப் போனான். மாடியறை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த நம்பரை மட்டும் ஸ்டெல்லா வருஷக்கணக்கில் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"யார்னா கூப்ட்டா?"

அந்தோணி இறந்த வருஷம் அதையும் நிறுத்திவிட்டாள். இப்போது அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ.