மீட்டர் மாமா பாட்டுப் பார்க்கிறார்

பாட்டைப் போட்டுவிட்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்துவிடுவார். திரையில் பச்சை நூல்கண்டு ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு மீட்டர், அதில் ஒரு முள். பதிந்த பாட்டின் ஒலிகளைக் கலந்து சரிசெய்வது அவர் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்கள் எல்லாம் பாட்டைக் கேட்பார்கள், இவர் பார்ப்பார். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மீட்டர் மாமாதான்.

நூல்கண்டு நெட்டுக்குத்தலாக நின்றால் இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் என்று அர்த்தம். "ஒல்லிக்குச்சி. கொஞ்சம் சோறு போடணும்" என்பார். பக்கவாட்டில் அளவாக உப்பினால், "ம், சதை பிடிச்சிருக்கு." குறுக்கே படுத்து, முள்ளும் இடப்பக்கம் சரிந்தால் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். "ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது." அதற்கப்புறம் டீ ஆறினாலும் சரி, வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி, திரும்ப மாட்டார்.

முன்பெல்லாம் இவ்வளவு இல்லை. போன வருடக் காய்ச்சலில் அவருடைய வலது காது அடியோடு போய்விட்டது. அது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் ஒற்றைக் காதுக்காரரிடம் யார் பாட்டைக் கொடுப்பார்கள்? மனிதருக்கு உள்ளூர உதறல். அதை நக்கல் பேசியே மூடிக்கொள்கிறார்.

சென்ற வாரம் ஒரு பாடகி, வேறு இடத்தில் பதிந்த தன் முதல் பாட்டோடு வந்தாள். குரலுக்கு இரண்டு மைக், பக்கத்துக்கு ஒன்று. போட்டதுமே முள் இடப்பக்கம் விழுந்தது.

"எனக்கு நல்லா விரிஞ்சுதான் கேக்குது மாமா."

"விரியலம்மா, முறைச்சுக்கிட்டு நிக்குது. ஒரே ஸ்பீக்கர் இருக்கிற சின்ன செல்போன்ல கேட்டா என்ன ஆகும்னு பாரு."

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். வாத்தியங்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று அழித்ததில் அவள் குரலைக் காணோம்.

"எவனோ ஒரு மைக்ல ரெண்டு வயரையும் இடம் மாத்திப் பத்த வச்சிருக்கான்" என்றபடி அந்த மைக்கின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தானைத் தட்டினார். முள் வலப்பக்கம் ஏறியது. குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது.

பாட்டு முடிந்ததும், அவருடைய வலப்பக்கம் இருந்தவள், "இன்னொரு தடவை போடுங்க மாமா" என்றாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டாள். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா கேட்ட? நான் முள்ளைப் பாத்துக்கிட்டு..." என்று இழுத்தார்.

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் சுற்றி வந்து, அவருடைய இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.