பியமொந்தேத் திராட்சையும் எங்கள் அண்ணனும்

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களே, இந்த நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று தங்கையான என்னிடம் சொன்னார்கள். அவர் நல்லவர்தான். அந்த நல்லவரை நாம் என்ன பாடு படுத்தினோம் என்பதையும் எழுதினால்தான் என் மனம் ஆறும்.

ஆம்பூரில் பிறந்த அண்ணன் மீசை அரும்பும் முன்பே தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். தோலிலிருந்து மயிர் கழலும் அந்தக் குழியில் அவருடைய கால் நகங்களும் கழன்றன. நாறுகிறது என்று கோயிலில் அவர் பக்கத்திலிருந்து எழுந்து போனவர்கள் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

குழியிலிருந்து அவரை மீட்டவர் எங்கள் பங்குக் கோயிலின் இத்தாலியச் சாமியார். பூசையில் வைக்கும் திராட்சை இரசத்துக்காகத் தம் ஊரான பியமொந்தேயிலிருந்து கறுப்புத் திராட்சைக் குச்சிகளை வரவழைத்து, வாணியம்பாடிச் சாலைத் தோட்டத்தில் நட்டு, அண்ணனைத் தோட்டக்காரராக வைத்தார். தம் ஊர்க் குன்றுகளில் மண்ணே சுண்ணாம்பாக வெளுத்திருக்கும், மூடுபனியில் பழம் மெல்லப் பழுக்கும், அந்த மண்ணின் ருசிதான் இரசத்தில் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணனுக்கு நகம் திரும்ப முளைத்தது. அதை எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பார்.

நான்கு வருடமாகியும் ஒரு கொத்துகூடக் காய்க்கவில்லை. இந்த வருடமும் காய்க்காவிட்டால் கொடியைப் பிடுங்கி வாழை வைப்பேன், நீ ஷாப்புக்கே போகலாம் என்றார் சாமியார். அண்ணனோ மண்ணில் சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து, தமக்குத் தெரிந்த ஒரே சுண்ணாம்பான குழிக் கழிவைக் கூடை கூடையாகச் சுமந்து வேரில் கொட்டினார். தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பெல்லாம் அதில் இருந்தது. பதினைந்தே நாளில் கொடிகள் கருகின.

ஊரே சிரித்தது. மறுபடியும் குழிதான். நானும் சும்மா இருக்கவில்லை. "இன்னாண்ணா, சாமி தோட்டத்தயே சாவடிச்சுட்டு வந்து சோறு ஜாஸ்தி கேக்குற?" என்று தட்டை இழுத்து வைத்திருக்கிறேன். பாவி நான். அவர் இருந்ததைத் தின்றுவிட்டுக் குழிக்குப் போவார். மூச்சு வாங்கிய கடைசி வாரத்தில், "கொடிய நான்தாம்மா கொன்னுட்டேன். மன்னிப்பு கேட்டேன்னு சாமிகிட்ட சொல்லு" என்றார்.

அடக்கத்தன்று சொன்னேன். சாமியார் குடையை மடக்கினார். "அந்தக் கொடிக்கு உறைபனிக் காலம் வேண்டும். இந்த வெயிலில் அது பிழைக்காது. மற்ற ஊர்க் கோயில்களுக்கு நான் கொடுத்த குச்சிகள், அவன் சுண்ணாம்பு கொட்டியதற்கு முந்தின வருடமே, சுண்ணாம்பு போடாமலேயே பட்டுப்போயின."

"அத அண்ணங்கிட்ட ஏன் சாமி சொல்லல?"

"அவன் கேட்கவில்லையே."

பெட்டி சுமந்த ஷாப்புத் தோழர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு பீபியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூசை வைக்க வந்திருக்கும் சாமியாருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்கிறார்கள். அவர் கேட்கட்டும், சொல்கிறேன்.