அச்சாறுக்குப் புள்ளி போட்ட கணக்கு டீச்சர்

கலகெதரப் பக்கம் வருடா வருடம் நடக்கும் எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சி, பாடசாலை மைதானத்தில் ஆறு மேசைகளும் ஒரு தராசுமாகத் தொடங்கியதாம். முதல் வருடம் வந்த ஆட்களைவிடப் பூசணிக்காய்கள் அதிகம் என்று இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு ஆடுகள் வந்தன. மிளகுக் கன்றுகள் வந்தன. தென்னையில் ஏறும் இயந்திரம் வந்து, அதில் ஏறியவர் இறங்கத் தெரியாமல் மதியம் வரை மேலேயே இருந்தார். உரம் கிடைக்காத வருடத்தில் காய்கறியெல்லாம் சூம்பிப் போனதால், ஆகச் சிறிய பூசணிக்காய்க்குப் பரிசு வைத்தார்கள். அதற்கும் போட்டி கடுமைதான்.

நான் போவது எருமைத் தயிருக்கும் மலிவான பூங்கன்றுகளுக்கும். போன வருடம் மட்டும் நடுவராகப் போனேன். விவசாய உத்தியோகத்தர்தான் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்.

"டீச்சர், அச்சாறு போட்டிக்கு நடுவர் இல்ல. எனக்கு வயிறு சரியில்ல. நீங்க கணக்கு டீச்சர்தானே, புள்ளி சரியாப் போடுவீங்க."

"என் மாமியும் போட்டியில இருக்காங்க, சேர்."

"போத்தல்ல பேர் இல்ல. இலக்கம் மட்டும்தான்."

மாமி என்பது என் கணவரின் உம்மா. அன்று காலையே அவர் என்னை எச்சரித்துவிட்டார்: "என்ட போத்தல் எது எண்டு நான் செல்ல மாட்டன். நீங்களும் கேக்க வாணாம்."

ஒன்பது போத்தல்களில் ஒன்பது விதமான ஊறுகாய். முதலாவதில் உப்பு மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது கண்ணில் நீர் வரவழைத்தது. மூன்றாவது வெறும் வினாகிரி. நான்காவதை நாக்கில் வைத்ததும் திடுக்கிட்டேன். சின்ன வெங்காயம், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, பின்னால் மெதுவாக வரும் கறுவாப்பட்டை வாசம். எங்கள் வீட்டுப் பெருநாள் சாப்பாட்டு மேசையே வாய்க்குள் வந்துவிட்டது. இது மாமியுடையதேதான். ஒன்பதிலும் ஆகச் சிறந்ததும் இதுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசைக் கதிரையில் மாமி, மடியில் குடையுடன், என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே இருந்தது. மருமகள் மாமிக்கு முதல் பரிசு கொடுத்தால் என்ன பேசுவார்கள்? பேனை தானாகவே நகர்ந்தது. நான்காம் போத்தலுக்கு இரண்டாமிடம் போட்டேன். கொஞ்சம் பல் கூசினாலும் பரவாயில்லை என்று, ஏழாம் போத்தலிலிருந்த, அம்பரல்லா என்ற புளிப்புக் காயில் போட்ட அச்சாறுக்கு முதலிடம் கொடுத்தேன். என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒலிபெருக்கியில் ஏழாம் இலக்கம் என்றதும் மாமி எழுந்தார்.

நான்காம் இலக்கம் என்றதும், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பூங்கன்று விற்க வந்திருந்த ஒரு பெண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கொஞ்ச நேரம் ஆட்டுக் கொட்டிலைச் சுற்றி நடந்தேன். மனம் கேட்கவில்லை. அவள் கன்று வைத்திருந்த மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது அவங்க கைப்பக்குவம்தாங்க டீச்சர். முந்தின வருசம் இங்கதான் பக்கத்துப் பக்கத்துல கடை போட்டோம். சோத்துக்கு அச்சாறு குடுத்தாங்க, நல்லாருக்குன்னேன், எப்படிப் போடறதுன்னு பூராவும் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப மாமி ஏன் அம்பரல்லா போட்டாங்க?"

"நீங்க கண்டுபிடிச்சிடக்கூடாது எண்டுதான்" என்றது பின்னாலிருந்து மாமியின் குரல். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குடையை என் கையில் திணித்துவிட்டு நேரே மேடைக்குப் போனார். தடுக்க ஓடினேன், அதற்குள் ஒலிபெருக்கி அவர் கையில்.

"எல்லாரும் கேளுங்க. என்ட மருமகள் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து புள்ளியைப் பிழையாப் போட்டீக்கிறாள். முதல் பரிசு அந்த ஹந்தானைப் புள்ளைக்குத்தான்."

மைதானமே சிரித்தது. ராட்டினத்துக்கு வரிசையில் நின்ற என் மாணவர்கள்தான் ஆகச் சத்தமாகச் சிரித்தார்கள். உத்தியோகத்தர் தலையைச் சொறிந்துகொண்டு சான்றிதழ்களில் பெயரை வெட்டி எழுதினார். முதல் பரிசான மண்வெட்டி ஹந்தானைக்குப் போனது. இரண்டாம் பரிசான பெரிய வாளி எங்களுக்கு வந்தது. அந்தப் பெண் மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒரு ரோசாக் கன்றையும் வாளிக்குள் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் மாமி வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றே நினைத்தேன். இறங்கும் இடம் நெருங்கியபோது மெதுவாகக் கேட்டார்:

"மகள், உண்மையைச் செல்லுங்க. அம்பரல்லா எப்படி ஈந்திச்சு?"

"கொஞ்சம் புளிப்பு, மாமி."

"கொஞ்சமா? நான் ரெண்டாந்தரம் வாயில வைக்கவே இல்ல" என்றார். சிரித்த சிரிப்பில் வாளி மடியிலிருந்து உருண்டு, பஸ்ஸின் முன்பக்கம் வரை போனது.